ஆறு குடைக்கம்பிகள்

அற்புதராணி அந்தச் சாமானைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது நான் ஒரு பழைய றேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். துவாயை விரித்தாள். உள்ளே ஒரு மீன் ரின், வெறும் தகரம். அதன் இரண்டு பக்கமும் மும்மூன்றாக ஆறு குடைக்கம்பிகள். முதுகில் நூற்கட்டைகள், ஒரு தையல் மெசினின் பழைய பொபின், செத்துப்போன கசற் பெட்டியிலிருந்து கழற்றிய குட்டி மோட்டர், அதிலிருந்து நூற்கட்டைக்கு ஓடும் றப்பர் நாடா. குசினிக் குப்பையையும் தையற் குப்பையையும் என் தொழிலின் குப்பையையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ரின்னில் ஒட்டியிருந்த தாளைக்கூட ஒழுங்காக உரிக்கவில்லை. பாதி மீன் ஒன்று அதில் மிச்சமாகக் கிடந்தது.

"இதென்ன பிள்ளை, நண்டோ?"

"றோபோ அண்ணை. நடக்கிற றோபோ."

றோபோவாம்! சண்டிலிப்பாய்ச் சந்தியில், தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், சண்டையால் கரண்ட் போய் மூன்று வருஷமான பிறகு. சவர்க்காரத்துக்கு வரிசை, நெருப்புப்பெட்டிக்கு வரிசை. பற்றரி ஊருக்குள் வரவே கூடாதென்று அரசாங்கத் தடை. ரோச் லைற்றுக்கு இரண்டு பற்றரி வைத்திருந்தவன் அதைத் தாலிக்கொடியோடு சேர்த்துப் பூட்டிவைத்த காலம். அதற்குள் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, பள்ளிக்கூடத்துப் பின்கட்டடத்தில் சீலையால் மறைப்புக் கட்டிக்கொண்டு இருக்கிற தையல்காரி ஒருத்தி றோபோ செய்கிறாள். யாரோ ஊசி சுற்றிக் கொடுத்த ஆங்கிலச் சஞ்சிகைத் தாளில் படம் பார்த்தாளாம். படத்தின் கீழே என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "அது எனக்கு விளங்கேல்லை அண்ணை, காலைத்தான் பாத்தனான்" என்றாள். சிரிக்காமல் இருக்க நான் என்ன சாமியாரா?

என்னைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். நான் நமசிவாயம். கொழும்பில் முறையாகப் படித்து, சந்தியில் இருபத்திரண்டு வருஷமாக றேடியோ திருத்துகிறவன். பற்றரி இல்லாத இந்த ஊர் செய்தி கேட்கிறதென்றால் அது என்னால்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோ வயரை றேடியோவில் கொழுவிக் கேட்கிறார்கள் அல்லவா? அந்த வேலையை எங்கள் வலிகாமப் பகுதியின் அரைவாசி வீட்டுக்குச் செய்துகொடுத்தவன் நான். ஆனால் டைனமோக் கரண்ட் போயும் வந்தும் ஆடுகிற கரண்ட். பல்ப்புக்கு அது பரவாயில்லை. மற்றச் சாமான்களுக்கு ஒரே பக்கமாகப் போகவேண்டும். அதற்கு நடுவில் ஒரு டயோட் வைக்கவேண்டும். மிளகளவு கறுப்புச் சாமான், இரண்டு பக்கமும் கம்பி. அதை நான் றேடியோவுக்குள்ளே வைத்து, கறுப்பு ரேப்பால் நாலு சுற்றுச் சுற்றி, பெட்டியைப் பூட்டிக் கொடுப்பேன். கேட்டால் "உள்ளுக்கை ஒரு வேலை கிடக்கு" என்பேன். ஊர்ச் சனம் டைனமோவும் பற்றரியும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டது. நினைக்கட்டுமே. எல்லாரும் எல்லாம் தெரிந்துகொண்டால் என் கடைப்படியை யார் மிதிப்பான்?

அற்புதராணி இதெல்லாம் ஏன் செய்தாள் என்றால், யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் நடத்திய தொழிற்பட்டறைக்கு மெசின் வேலை படிப்பிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த மனுசனுக்கு விண்ணப்பம், சேர்டிபிக்கற் ஒன்றும் வேண்டாமாம். "பற்றரியும் எண்ணெயும் இல்லாமல் ஓடுகிற ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று கோயிற் பலகையில் எழுதிப் போட்டிருந்தார். வேலையோடு ஓர் அறையும் கொடுப்பார்கள். அந்த வேலைக்கு நானும்தான் போட்டி. எனக்கு அறை வேண்டாம், எனக்குக் கல்வீடு இருக்கிறது. எனக்கு வேண்டியது 'மாஸ்டர்' என்ற சொல். இருபத்திரண்டு வருஷமாக "றேடியோக்காரன்" என்று கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவளுக்கு வேண்டியது அந்த அறை. அதை அவள் ஒளிக்கவே இல்லை. "கதவு இருக்காம் அண்ணை. உள்பக்கம் கொண்டியும் இருக்காம்" என்றாள். பன்னிரண்டு வயதில் ஒரு மகள். புருஷன் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. மூன்று வருஷமாகச் சீலைக்குப் பின்னால்தான் தாயும் மகளும் உடுப்பு மாற்றுகிறார்கள். பக்கத்து மறைப்பில் ஒருவன் குடித்துவிட்டு வந்தால் சீலையை விலக்கிப் பார்ப்பானாம். இதையெல்லாம் என் மேசையில் கையூன்றி நின்று சொன்னாள். பாவம்தான். பாவத்துக்காக மெசின் படிப்பிக்கிற வேலையைத் தூக்கிக் கொடுப்பார்களா?

"சரி, உது நடக்குமோ?" என்றேன்.

நூற்கட்டையைக் கையால் சுற்றினாள். மூன்று கால் ஊன்ற மூன்று கால் எழும்பியது. பிறகு எழும்பின மூன்றும் ஊன்ற மற்ற மூன்றும் எழும்பியது. மேசையில் ஒரு சாண் தூரம் நடந்தது, விழவில்லை. தையல் மெசினில் சில்லு சுற்ற ஊசி ஏறி இறங்குகிறதே, அந்த விசயத்தைப் படுக்கப் போட்டுக் காலுக்குக் கொழுவியிருக்கிறாள். நான் குனிந்து பார்த்தேன். என்ன வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், எனக்கு வயிறு எரிந்தது. நானாக இருந்தால் பல்லுச் சில்லு தேடி ஒரு மாதம் அலைந்திருப்பேன். இவள் பொபினில் ஒரு ஆணியை ஓரமாக அடித்துவிட்டு வேலையை முடித்துவிட்டாள்.

"விளையாட்டுச் சாமான்" என்றேன். "கையாலை சுத்தினால் எல்லாம்தான் நடக்கும். கரண்டுக்கு என்ன செய்வீர்?"

அடுத்த கிழமை பற்றரியோடு வந்தாள். பற்றரி என்றால் செத்த பற்றரி. குப்பையில் பொறுக்கி, அவித்து, ஆணியால் துளைத்து உப்புத்தண்ணி விட்டு, வெயிலில் காயவைத்து, ஆறையும் பழைய சைக்கிள் ரியூப்புக்குள் வரிசையாகத் தள்ளிக் கட்டியிருந்தாள். ஊரே அப்படித்தான் செய்தது. அதைத் தூக்கி றோபோவின் முதுகில் வைத்தாள். ஆறு கம்பியும் பக்கத்துக்குப் பக்கம் விரிந்து, மீன் ரின் வயிறு மேசையில் குந்தியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடைக்கு வந்திருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டியும் சிரித்தேன். "பிள்ளைத்தாச்சி றோபோ" என்று பெயரும் வைத்தேன். அவள் பற்றரியைக் கழற்றித் துவாயில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் முறை வந்தபோது அவள் கையில் இரண்டு புதுப் பற்றரி இருந்தது. கிராமசேவகரான விதானையார் வீட்டு ரோச் லைற்றிலிருந்து கழற்றியவை. விதானையாரின் மனுசிக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்து அரை மணித்தியாலத்துக்கு வாங்கி வந்தாளாம். இந்தமுறை முதுகில் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு, நீட்டு வயரால் மோட்டருக்குக் கொடுத்தாள். றோபோ நடந்தது. என் மேசையின் இந்தத் தொங்கலில் தொடங்கி, மல்ற்றிமீற்றரைச் சுற்றாமல் மோதி நின்று, அவள் திருப்பிவிட, அந்தத் தொங்கல் வரைக்கும் நடந்தது. குடைக்கம்பிகள் மேசைப் பலகையில் டிக் டிக்கென்று தட்டின. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. உடனே பற்றரியைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள்.

"பாரம் முதுகிலை வேண்டாம் அண்ணை. வயராலை குடுப்பம். டைனமோவிலை இருந்து நேரே குடுத்தால் சரிதானே? எல்லாரும் றேடியோவுக்குக் குடுக்கினம்தானே?"

இந்த இடத்தில்தான் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேசையின் இழுப்பு லாச்சிக்குள் ஏழு டயோட் கிடந்தன. ஒன்றை எடுத்து, "வயருக்கு நடுவிலை இதைப் பூட்டும்" என்றால் கதை முடிந்தது. ஆனால் அவள் கேட்ட விதம் இருக்கிறதே! எல்லாரும் குடுக்கினம்தானே என்றாள். நான் நோட்டுப் புத்தகத்தில் படம் கீறி, விரலைச் சுட்டுப் படித்த படிப்பை இவள் சந்தைக்குப் போகிற வழியில் பொறுக்கிவிடலாம் என்று நினைக்கிறாள். மீன் ரின்னும் பொபினும் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் மாஸ்டர் ஆகலாம் என்று நினைக்கிறாள்.

"ஓம் ஓம். நேரே குடுக்கலாம்" என்றேன்.

"என்ரை சைக்கிளிலை டைனமோ இல்லை அண்ணை. முதல்லை ஒருக்கால் குடுத்துப் பாக்கவும் வழியில்லை."

"அதுக்கென்ன? சுவாமியாருக்குக் காட்டுற அண்டைக்கு என்ரை சைக்கிள் அங்கை நிக்கும். என்ரை றேடியோவுக்கும் அதுதான். நீரும் அதிலையே கொழுவும்."

"நீங்கள் நல்லா இருப்பியள்" என்றாள்.

வீட்டில் சாப்பிடும்போது என் மனுசி பூரணத்திடம் இந்தப் பகிடியைச் சொன்னேன். மோட்டர் ங்ங்ங் என்று முனகிக்கொண்டு நிற்கப்போகிறது, சுவாமியார் முழிக்கப்போகிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. சோற்றுக் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, "ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் என்ன தேய்ஞ்சோ போவியள்?" என்று கேட்டாள். பூரணத்துக்குத் தொழில் விசயம் என்ன தெரியும்? "குழம்பை ஊத்து" என்றேன்.

அந்த நாள் வந்தது. பட்டறை மண்டபத்தில் எட்டுப் பேர் சாமான்களோடு நின்றோம். ஒருவன் சிரட்டையில் காற்றாடி செய்திருந்தான். ஒருவன் தண்ணி ஏற்றுகிற பம்பென்று எதையோ கொண்டுவந்து மண்டபத்தை நனைத்தான். சுவாமியாருக்குப் பக்கத்தில் தியாகராசா என்றொரு ஓய்வுபெற்ற என்ஜினியர், வெள்ளைச் சேட்டு, வாய் திறக்காத மனுசன். வெளியில் குண்டு போடுகிற பொம்மர் ஒன்று எங்கேயோ சுற்றிவிட்டுப் போனது. எல்லாரும் ஒருதரம் முகட்டைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

என் முறை முதலில் வந்தது. இரட்டைக்கால் ஸ்ராண்டில் சைக்கிளை நிறுத்தி, பட்டறைக் காவற்காரனை மிதிக்கச் சொல்லி, றேடியோவின் குமிழைத் திருப்பினேன். பாட்டு மண்டபம் முழுக்கக் கேட்டது. பெட்டி தேக்கு, நானே பொலிஷ் போட்டது. சுவாமியார் தலையாட்டினார். தியாகராசா குனிந்து வயரைப் பார்த்தார், பெட்டியின் பூட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இவருக்கு என்ன விளங்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் சட்டைப்பையில் ஒரு டயோட் இருந்தது, உள்ளே இருப்பது பிசகினால் மாற்றுவதற்கு. தேவைப்படவில்லை.

கடைசியில் அற்புதராணி. வெளுத்த சீலை, ஆனால் மடிப்புக் குலையாமல் உடுத்தியிருந்தாள். மகள் பின் வரிசை வாங்கில் இருந்தாள். மீன் ரின்னை மேசையில் வைத்தபோது யாரோ சிரித்தார்கள், எனக்குத் தித்தித்தது. வயரை டைனமோவில் கொழுவிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்களே மிதிக்கிறியளோ? உங்கடை சைக்கிள், உங்களுக்குத்தான் பதம் தெரியும்."

ஏன் மாட்டேன்? முன்வரிசையில் இருந்து பார்ப்பதுபோல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். மிதித்தேன்.

ங்ங்ங் என்றது. நூற்கட்டை அசையவில்லை. பொபின் அசையவில்லை. கால் ஒன்றுகூட எழும்பவில்லை. நான் சொன்ன சொல் பிசகவில்லை. அவள் குனிந்து றப்பர் நாடாவைத் தொட்டாள், வயரைத் தொட்டாள், மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் இன்னும் இறுக்கி மிதித்தேன்.

அப்போதுதான் அந்த அநியாயம் நடந்தது. சுற்றவேண்டிய மோட்டர் சுற்ற முடியாமல் கிடுகிடென்று நடுங்கியது. மோட்டர் நடுங்க ரின் நடுங்கியது, ரின் நடுங்கக் குடைக்கம்பிகள் நடுங்கின. கம்பிகள் எல்லாம் பின்பக்கமாகச் சரிந்து நின்றன, அவள் வளைத்த வளைவு அப்படி. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு மயிரிழை முன்னால் தள்ளியது. கால் எழும்பவே இல்லை, ஆனால் சாமான் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல் பிடித்த பூச்சிபோல மேசையில் ஊர்ந்து ஊர்ந்து முன்னால் வந்தது. அட கடவுளே! இருபத்திரண்டு வருஷத் தொழிலில் இப்படி ஒரு கூத்தை நான் கண்டதில்லை.

மண்டபம் கைதட்டியது. பின்வாங்குகளில் இருந்தவர்கள் எழும்பி வந்து மேசையைச் சுற்றினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிதிப்பதை நிறுத்தினேன். றோபோ நின்றது. "களைச்சுப் போச்சு" என்றேன்.

"மிதியுங்கோ அண்ணை, மிதியுங்கோ!" சிரட்டைக் காற்றாடிக்காரன் கத்தினான். காவற்காரன் கத்தினான். பம்புக்காரன் என் முதுகைத் தட்டினான். சுவாமியார் சின்னப்பிள்ளைபோலக் கையைக் கொட்டிக்கொண்டு "இன்னும் கொஞ்சம் நமசிவாயம்" என்றார். வேறு வழியில்லை. மிதித்தேன். வேர்த்து ஊற்ற ஊற்ற, அந்த மீன் ரின்னை நடக்க வைப்பதற்காக, இவ்வளவு பேருக்கு முன்னால் நான் மிதித்தேன்.

சத்தம் அடங்கியதும் தியாகராசா முதல்முறையாக வாயைத் திறந்தார். "பிள்ளை, மோட்டர் சுத்தேல்லை. ஆனால் சாமான் நடக்குது. எப்பிடி?"

அவள் ஏதாவது கதை விட்டிருக்கலாம். இப்படித்தான் செய்தேன் என்று சொல்லியிருந்தால் அறையும் கொண்டியும் அப்போதே அவள் கையில். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன், அவளை இன்னும் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கலாமே.

"எனக்குத் தெரியாது ஐயா" என்றாள். "நான் இப்பிடி நடக்கச் செய்யேல்லை. கால் தூக்கித் தூக்கி வைக்கவேணும். விதானையார் வீட்டுப் பற்றரியிலை அப்பிடித்தான் நடந்தது. இதிலை ஏனோ நடுங்குது. நமசிவாயம் அண்ணையிட்டைக் கேட்டனான், டைனமோவிலை நேரே குடுக்கலாம் எண்டவர். அவரைக் கேளுங்கோ, அவருக்குத் தெரியாமல் இராது."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மிதிப்பதை நிறுத்தினால் பதில் சொல்லவேண்டும் என்பதுபோல நான் நிறுத்தாமல் மிதித்தேன்.

"நேரே குடுக்கலாம் எண்டனீரோ?" தியாகராசா மெதுவாகத்தான் கேட்டார். "அப்ப உம்மடை றேடியோ இதே டைனமோவிலை எப்பிடிப் பாடினது?"

தெரியும் என்றால், தெரிந்துகொண்டுதான் அவளை மாட்டிவிட்டேன் என்று ஆகும். தெரியாது என்றால், நான் யார்? அற்புதராணி என் றேடியோவைப் பார்த்தாள். பெட்டியின் பூட்டைப் பார்த்தாள். டைனமோவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிக்கொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. ஏசுவாள் என்று காத்திருந்தேன், ஏசினால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லலாம்.

என்னையறியாமல் என் கை சட்டைப்பைக்குப் போயிருந்தது. டயோட்டின் கம்பி விரலில் குத்தியது. அவள் அந்தக் கையையும் பார்த்தாள்.

ஏசவில்லை. மேசையைச் சுற்றி வந்து, சைக்கிள் ஹான்டிலுக்கு மேலாகக் கையை நீட்டினாள். ஊசி ஏறின புள்ளிகளும், ஈயம் பற்றவைத்தபோது சுட்ட தழும்புகளும் இருந்த கை.

"தாங்கோ அண்ணை" என்றாள்.

மேசையில் மீன் ரின் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. என் கால்கள் நிற்கவில்லை, மிதித்துக்கொண்டே இருந்தன.